அமெரிக்கக் கவுண்டி ஒன்றின் வேளாண் மானியக் கணக்கைப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் ஏதேனும் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) உள்ள விவசாயிகளுக்குக் கூட்டாட்சி அரசு எந்தத் திட்டத்தின் கீழ் எவ்வளவு பணம் கொடுத்தது என்பதை, அந்த நாட்டுக்கே போகாமல், வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். பணம் பெற்றவரின் பெயர், அவருடைய ஊர், தொகை, பணம் வழங்கிய தேதி, திட்டத்தின் பெயர் ஆகிய அனைத்தும் அரசின் கோப்புகளிலேயே இருக்கின்றன. இப்படித் திறந்து கிடப்பதாலேயே அந்தக் கணக்கைப் படிப்பது எளிது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். "இந்தக் கவுண்டிக்கு இத்தனை கோடி டாலர் மானியம்" என்று கட்டுரைகளில் வரும் தொகை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல திட்டங்களின் கூட்டுத்தொகையாகும். அதில் ஒரு பகுதி அந்த ஆண்டின் விளைச்சலுக்கு உரியதே அன்று. அரசு விவசாயத்துக்குச் செலவிடும் மிகப் பெரிய தொகைகளுள் ஒன்று அதில் சேர்க்கப்படுவதே இல்லை. எனவே அந்த எண்ணை அப்படியே எடுத்தாளாமல், எந்தத் திட்டம், எந்தப் பயிர் ஆண்டு, யார் பெயரில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பயன்படுத்த வேண்டும். அதற்கான வழியை ஐயோவா மாநிலத்தின் கோசூத் கவுண்டியை எடுத்துக்காட்டாக வைத்துக் கீழே விளக்குகிறேன். அல்கோனா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கவுண்டி, ஐயோவாவின் 99 கவுண்டிகளில் பரப்பளவில் பெரியது. மக்காச்சோளமும் சோயாபீனும் இங்கே முதன்மைப் பயிர்கள்.

முதலில், பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயங்கும் பண்ணைச் சேவை முகமைக்கு நாடெங்கும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் உள்ளன. விவசாயி தன் நிலத்தை அங்கே பதிவு செய்து பண்ணை எண் பெறுகிறார். எந்த வயலில் எத்தனை ஏக்கர் என்ன விதைத்தார் என்று ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கிறார். எந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறார் என்று கையொப்பமிடுகிறார். அலுவலகத்துக்கு மேல், உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். 1930களில் தொடங்கிய இந்த ஏற்பாடு ஊராட்சி உணர்வோடு நடக்கும் நல்ல முறை என்று பாராட்டப்படுவதுண்டு. அதே குழுக்களின் வழியாகத்தான் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகளுக்குக் கடனும் உதவியும் மறுக்கப்பட்டன என்பதும், அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பிக்ஃபர்ட் வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்து நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க நேர்ந்தது என்பதும் வரலாறு. மிசிசிப்பி டெல்டா போன்ற பகுதிகளின் பழைய கணக்குகளைப் படிப்பவர், பட்டியலில் இல்லாத பெயர்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கோப்புகள் கிடைக்கும் இடம்

பண்ணைச் சேவை முகமை தன் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டுவாடாக் கோப்புகளை எக்செல் வடிவில் வெளியிடுகிறது. இதுவே மூல ஆவணம். சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற வாஷிங்டன் தன்னார்வ அமைப்பு, 1995 முதலான தரவுகளைத் திரட்டி, கவுண்டியின் பெயரைச் சொடுக்கினாலே பெறுநர் பட்டியல் வரும்படி ஒரு தேடுதளத்தை 2001 முதல் நடத்தி வருகிறது. பெரும்பாலானோர் பார்ப்பது இதைத்தான். விரைவாக ஒரு சித்திரம் கிடைக்க அது போதும். ஆனால் அந்த அமைப்புக்கென்று ஒரு கொள்கைச் சார்பு உண்டு, தரவைத் தொகுக்கும் முறையும் அதன் சொந்த முறை என்பதால், எழுதுவதற்கு முன் மூலக் கோப்போடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. மூன்றாவதாக, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேளாண் கணக்கெடுப்பு இருக்கிறது. அதில் பெயர்கள் இல்லை; ஆனால் கவுண்டியில் எத்தனை பண்ணைகள், எத்தனை ஏக்கர், அவற்றுள் எத்தனை பண்ணைகள் அரசுப் பணம் பெற்றன என்ற அடிப்படை எண்கள் உண்டு. 2022ஆம் ஆண்டுக்குரியது அண்மையது.

பெயர்கள் வெளியே வந்ததும் தானாக நடந்ததன்று. வாஷிங்டன் போஸ்ட் நாளேடு தொடுத்த வழக்கில், மானியம் பெறுவோரின் பெயரையும் முகவரியையும் மறைக்க முடியாது என்று 1996இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஒட்டியே இந்தக் கதவு திறந்தது. 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் 1619ஆம் பிரிவு அதைப் பாதி மூடியது: வயலின் எல்லை வரைபடம், விவசாயி கொடுத்த சாகுபடி விவரம் போன்றவற்றை வெளியிடக் கூடாது, பணம் பெற்ற விவரத்தை வெளியிடலாம். ஆகவே ஒருவர் எவ்வளவு பெற்றார் என்பது தெரியும், எந்த வயலுக்காகப் பெற்றார் என்பது தெரியாது.

திட்டவாரியாகப் பிரித்தல்

மூலக் கோப்பைத் திறந்து, மாநிலத்தையும் கவுண்டியையும் வடிகட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, தொகைகளைத் திட்டத்தின் பெயர்படி பிரித்துக் கூட்டுவது. நம் நாட்டின் பிரதமர் கிசான் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று ஒரே அளவாகக் கொடுப்பதைப் போன்ற கணக்கு அங்கே இல்லை; ஒவ்வொரு திட்டத்துக்கும் அளவுகோல் வேறு.

நிலையான திட்டங்களில் முதன்மையானவை இரண்டு: விலை இழப்பு ஈடு, வருவாய் இழப்பு ஈடு. இரண்டும் 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் வந்தவை. அதற்கு முன், விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் நேரடியாகக் கொடுக்கப்பட்டு வந்தது. நல்ல விலை கிடைத்த ஆண்டுகளிலும் மானியமா என்று எழுந்த எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. எனவே 2013க்கு முந்தைய கோசூத் கணக்கையும் பிந்தைய கணக்கையும் ஒரே வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டுவது பிழையான படத்தையே தரும்.

விலை இழப்பு ஈட்டின் கணக்கு புரிந்துவிட்டால் பாதிக் கோப்பு புரிந்துவிடும் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சட்டம் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு குறிப்பு விலையை நிர்ணயிக்கிறது. 2024 விளைச்சல் வரை மக்காச்சோளத்துக்குச் சட்டம் சொன்ன விலை புஷலுக்கு 3.70 டாலர், ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறத்தாழ 25.4 கிலோ. அறுவடைக்குப் பிந்தைய பன்னிரண்டு மாதங்களின் தேசியச் சராசரி விலை இதைவிடக் குறைந்தால், வித்தியாசத்தை அரசு ஈடு செய்யும். 2019 விளைச்சலுக்குச் சராசரி விலை 3.56 டாலராக அமைந்தது. வித்தியாசம் 14 சென்ட். ஒரு பண்ணையில் 100 அடிப்படை ஏக்கர் இருப்பதாகவும், அதற்குப் பதிவான விளைச்சல் அளவு ஏக்கருக்கு 150 புஷல் என்றும் வைத்துக்கொண்டால், 100 ஏக்கரில் 85 விழுக்காட்டுக்கு மட்டுமே பணம் என்ற விதிப்படி, 85 ஏக்கரை 150 புஷலாலும் 14 சென்ட்டாலும் பெருக்க 1,785 டாலர் வருகிறது.

இந்தக் கணக்கில் "அடிப்படை ஏக்கர்" என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது பல ஆண்டுகளுக்கு முந்தைய சாகுபடி வரலாற்றை வைத்து நிலத்தோடு ஒட்டவைக்கப்பட்ட ஓர் உரிமை. அந்த 100 ஏக்கரில் 2019இல் விவசாயி முழுக்கச் சோயாபீன் விதைத்திருந்தாலும், மக்காச்சோள அடிப்படை ஏக்கருக்கு உரிய பணம் வரும். மாறாக, அடிப்படை ஏக்கர் இல்லாத நிலத்தில் மக்காச்சோளமே விதைத்திருந்தாலும் இந்தத் திட்டத்தில் ஒரு சென்ட்கூட வராது. "மக்காச்சோள மானியம்" என்று கோப்பில் பார்த்து, அந்தக் கவுண்டியில் அவ்வளவு மக்காச்சோளம் விளைந்தது என்று எழுதிவிடக் கூடாது.

வருவாய் இழப்பு ஈட்டில் விலையோடு கவுண்டியின் சராசரி விளைச்சலும் சேர்கிறது. ஐந்தாண்டுச் சராசரிகளைக் கொண்டு கணக்கிட்ட எதிர்பார்ப்பு வருவாயில் 86 விழுக்காட்டுக்குக் கீழே உண்மையான வருவாய் இறங்கினால் பணம் உண்டு. அதிலும் எதிர்பார்ப்பு வருவாயின் 10 விழுக்காடே உச்ச வரம்பு. கவுண்டியின் சராசரியே அளவுகோல் என்பதால், கோசூத்தின் கிழக்கு எல்லையில் ஒரே சாலையின் இருபுறமும் நிலம் வைத்திருப்பவருக்கு, ஒரு புறத்து வயலுக்குப் பணம் வந்து, ஹான்காக் கவுண்டிக்குள் இருக்கும் மறுபுறத்து வயலுக்கு வராமல் போகலாம். தன் வயல் ஆலங்கட்டி மழையில் அழிந்தவருக்கும், கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்திருந்தால், இந்தத் திட்டத்தில் எதுவும் கிடைக்காது. அந்த இழப்புக்கு அவர் பயிர்க் காப்பீட்டைத்தான் நாட வேண்டும்.

2025 ஜூலையில் நிறைவேறிய பெருஞ்சட்டம் இந்த எண்களை எல்லாம் மாற்றியது. குறிப்பு விலை மக்காச்சோளத்துக்கு 4.10, சோயாபீனுக்கு 8.40இலிருந்து 10.00, கோதுமைக்கு 5.50இலிருந்து 6.35 டாலராக உயர்ந்தது. வருவாய்த் திட்டத்தின் 86 விழுக்காடு 90 ஆனது, 10 விழுக்காட்டு உச்ச வரம்பு 12 ஆனது. 2025 விளைச்சலிலிருந்து இவை செல்லும். எனவே இனி வரும் கோப்புகளில் தொகை பெருத்துத் தெரிந்தால், விவசாயம் நொடித்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் சட்டம் மாறியதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, அவ்வப்போது அறிவிக்கப்படும் தனி உதவிகள். என் கணிப்பில் கடந்த பத்தாண்டின் கணக்கைக் குழப்புபவை இவைதாம். சீனாவுடன் வணிகப் பூசல் மூண்டபோது 2018, 2019 விளைச்சல்களுக்காகச் சந்தை ஈட்டுத் திட்டம் என்ற பெயரில் சுமார் 2,300 கோடி டாலர் வழங்கப்பட்டது. முதல் ஆண்டில் உண்மையான விளைச்சலுக்குப் புஷல் கணக்கில், சோயாபீனுக்கு 1.65 டாலரும் மக்காச்சோளத்துக்கு வெறும் ஒரு சென்ட்டும் கொடுத்தார்கள். மறு ஆண்டில் முறையை மாற்றி, கவுண்டிக்கு ஒரு விகிதம் என ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை நிர்ணயித்தார்கள். மேலே கண்ட 100 ஏக்கர் பண்ணை மிகக் குறைந்த 15 டாலர் விகிதத்தில் இருந்திருந்தாலே 1,500 டாலர் வந்திருக்கும். நாடாளுமன்றம் பல ஆண்டு விவாதித்து உருவாக்கிய நிலையான திட்டம் தந்த 1,785 டாலருக்கு அது மிக அருகில் நிற்கிறது. 2020இல் பெருந்தொற்று உதவியும் சேர்ந்து, நாடு முழுவதற்குமான நேரடி அரசுப் பணம் 4,500 கோடி டாலரைத் தாண்டியது. 2024 விளைச்சலுக்கென 2024 டிசம்பர்ச் சட்டத்தின் கீழ் வந்த அவசர உதவியில் மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாபீனுக்கு 29.76 டாலர் என்று விகிதம் வைத்தார்கள். இது அடிப்படை ஏக்கருக்கு அன்றி, உண்மையில் விதைத்த ஏக்கருக்கு.

நிலப் பாதுகாப்புத் திட்டம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. 1985இல் தொடங்கிய இத்திட்டத்தில், மண்ணரிப்புக்கு ஆளாகும் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லோ மரமோ வளர்க்க 10 முதல் 15 ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். அரசு ஆண்டு வாடகை தருகிறது. இதை மானியத்தோடு கூட்டாமல் தனியே காட்டுவதே முறை.

எந்த ஆண்டின் பணம்

கோப்பில் பணம் வழங்கிய தேதி ஒரு பத்தியிலும் (நெடுவரிசையிலும்), அந்தப் பணம் எந்தப் பயிர் ஆண்டுக்கு உரியது என்று சொல்லும் திட்ட ஆண்டு வேறொரு பத்தியிலும் இருக்கும். இவ்விரண்டும் ஒத்துப்போவது அரிது. 2019இல் விதைத்த மக்காச்சோளத்தின் சராசரி விலை 2020 ஆகஸ்ட் வரையிலான விற்பனையை வைத்தே முடிவாகும். பணம் 2020 அக்டோபரில்தான் கைக்கு வந்தது. சந்தை ஈட்டுத் திட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் தொகையோ மூன்று தவணையாக 2019 ஆகஸ்ட், நவம்பர், 2020 பிப்ரவரி மாதங்களில் வழங்கப்பட்டது. ஆக, 2020ஆம் ஆண்டில் கோசூத்துக்கு வந்த பணத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பவர், வணிகப் பூசலின் கடைசித் தவணை, முந்தைய ஆண்டின் விலை இழப்பு ஈடு, அந்த ஆண்டின் பெருந்தொற்று உதவி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார். விளைச்சலோடு ஒப்பிட வேண்டுமானால் திட்ட ஆண்டுப் பத்தியைக் கொண்டு கூட்ட வேண்டும். விவசாயியின் கையில் அந்த ஆண்டு எவ்வளவு புழங்கியது என்று பார்க்க வேண்டுமானால் தேதிப் பத்தி போதும். அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குவதால், துறையின் சுருக்க அட்டவணைகளில் வரும் ஆண்டு இவ்விரண்டோடும் பொருந்தாமல் மூன்றாவது வகையாக நிற்கும்.

பெயரைப் படித்தல்

பெறுநர் பட்டியலை இறங்குவரிசையில் அடுக்கி, மேலே உள்ள பெயரைக் கண்டு வியப்பதே வழக்கமாக நடப்பது. அந்தப் பெயர் ஒரு மனிதரா, கூட்டு நிறுவனமா என்று முதலில் பார்க்க வேண்டும். நிலையான பயிர்த் திட்டங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்ற உச்ச வரம்பு இருந்தது. 2025 விளைச்சல் முதல் அது 1,55,000 டாலர். ஆனால் பொதுக் கூட்டாண்மையாகப் பதிவு செய்துகொண்ட பண்ணைக்கு, பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. தந்தை, தாய், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள் என ஆறு பங்காளிகள் தகுதி பெற்றால், பழைய வரம்பின்படியே 7,50,000 டாலர் வரை ஒரே பண்ணையின் பெயரில் வரலாம். 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் ஒன்றுவிட்ட உடன்பிறந்தாரையும், உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் குடும்ப வரையறைக்குள் கொண்டுவந்ததால், அவர்களையும் இப்படிப் பங்காளிகளாகச் சேர்ப்பது எளிதாயிற்று. சட்டப்படி இதில் குற்றமேதும் இல்லை. வரம்பு என்று ஒன்றை வைத்துவிட்டு அதைச் சுற்றிப் போக அகலமான சாலையும் போட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

கூட்டுறவுச் சங்கங்களின் பெயர் இன்னொரு பொறி. நாடளாவிய பட்டியலில் நெடுங்காலமாக உச்சியில் நிற்கும் ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ், அர்கன்சா மாநில நெல் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு; உறுப்பினர்களுக்கு உரிய பணத்தை அவர்கள் சார்பில் பெற்றுப் பகிர்ந்ததையே அந்தப் பெருந்தொகை காட்டுகிறது.

முகவரிப் பத்தியையும் விடக் கூடாது. கோசூத் அலுவலகம் வழங்கிய பணத்தில் ஒரு பகுதி அந்தக் கவுண்டிக்கு வெளியே, சில வேளை வேறு மாநில முகவரிகளுக்குப் போயிருக்கும். ஐயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கும் மேல் குத்தகையில் இருக்கிறது. நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சொந்தம் என்று ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ரொக்கக் குத்தகையானால் பயிர் மானியம் முழுவதும் உழுபவருக்கு உரியது. வாரக் குத்தகையானால் விளைச்சலைப் பிரிக்கும் விகிதத்திலேயே மானியமும் நில உடைமையாளருக்கும் உழுபவருக்கும் பிரியும். எனவே வெளியூர் முகவரி இருப்பதாலேயே மோசடி என்று கொள்ள முடியாது. உழுபவரின் பெயரில் வந்த பணமும் அவரிடமே நிற்பதில்லை: மானியம் உண்டு என்று தெரிந்த நிலத்துக்குக் குத்தகையும் கூடிவிடுகிறது. இந்தக் கசிவு எந்தக் கோப்பிலும் தென்படாது.

பட்டியலில் இல்லாத பணம்

பயிர்க் காப்பீட்டை விட்டுவிட்டுக் கவுண்டிக் கணக்கை எழுதுவது பெரிய குறை. தனியார் நிறுவனங்கள் விற்கும் இந்தக் காப்பீட்டின் பிரீமியத்தில் சராசரியாக 60 விழுக்காட்டுக்கும் மேல் கூட்டாட்சி அரசு செலுத்துகிறது. நிறுவனங்களின் நிர்வாகச் செலவுக்கும் தனியே பணம் தருகிறது. பயிர்த் திட்டங்களில் உள்ளதைப் போன்ற தனிநபர் உச்ச வரம்பு இதற்கு இல்லை. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதியில்லை என்ற நிபந்தனையும் இல்லை. யார் எவ்வளவு பெற்றார் என்பதை வெளியிடச் சட்டம் இடந்தரவில்லை. ஆயினும் வேளாண் துறையின் கீழ் பயிர்க் காப்பீட்டைக் கவனிக்கும் இடர் மேலாண்மை முகமை, கவுண்டிவாரியாகவும் பயிர்வாரியாகவும் மொத்தப் பிரீமியம், அதில் அரசின் பங்கு, வழங்கிய இழப்பீடு, இழப்புக்கான காரணம் ஆகியவற்றை வெளியிடுகிறது. அதில் கோசூத்தை எடுத்து, அரசின் பங்கை மட்டும் மானியமாகக் கொண்டு தனி வரிசையில் எழுத வேண்டும். இழப்பீட்டுத் தொகையை மானியமாகக் காட்டுவது தவறு. 2012 வறட்சியில் நாடு முழுவதும் 1,700 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு போனது. அதை ஓராண்டு மானியமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், பத்தாண்டுப் பிரீமியத்தோடு வைத்துப் பார்த்தால் அளவு வேறாகத் தெரியும்.

எதனால் வகுப்பது

கூட்டிய தொகையைக் கவுண்டியின் மக்கள்தொகையால் வகுப்பதால் பயன் ஒன்றும் இல்லை. பண்ணைகளின் எண்ணிக்கையால் வகுப்பதும் ஏமாற்றும். ஆண்டுக்கு 1,000 டாலர் விற்பனை இருந்தாலே கணக்கெடுப்பில் அது பண்ணை. சாகுபடி ஏக்கரால் வகுத்து, பிறகு பெறுநர்களை வரிசைப்படுத்தி மேல் பத்து விழுக்காட்டினர் எவ்வளவு பங்கு பெற்றனர் என்று பார்ப்பதே பொருளுள்ள கணக்கு. வேறொரு கவுண்டியோடு ஒப்பிடும்போது பயிரையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மான்டரே கவுண்டியில் லெட்டூஸ் கீரையும் ஸ்ட்ராபெரியும் கோடிக்கணக்கான டாலருக்கு விளைகின்றன. ஆனால் விலை இழப்பு ஈடோ வருவாய் இழப்பு ஈடோ காய்கறிக்கும் பழத்துக்கும் கிடையாது. தானியம், எண்ணெய் வித்து, பருத்தி, நிலக்கடலை, நெல் போன்று சட்டம் பெயர் சொன்ன பயிர்களுக்கே உண்டு. மான்டரேக்குக் குறைவாகவும் கோசூத்துக்கு மிகுதியாகவும் பணம் வந்திருப்பது தேவையைவிடப் பயிர்ப் பட்டியலையே காட்டுகிறது.

கோப்பில் தெளிவாகாத ஒன்றைக் கேட்க வேண்டுமானால், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் பண்ணைச் சேவை முகமைக்கு எழுதலாம். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. விடையளிக்கச் சட்டம் விதித்த காலம் 20 வேலை நாட்கள். கவுண்டி, திட்டத்தின் பெயர், திட்ட ஆண்டு, வேண்டிய பத்திகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வயல் வரைபடத்தையோ சாகுபடி அறிக்கையையோ சேர்த்துக் கேட்டால் 1619ஆம் பிரிவைக் காட்டி அந்தப் பகுதியை மறுப்பார்கள். கிடைத்த பெயர்களை எழுத்தில் பயன்படுத்துவதிலும் நிதானம் வேண்டும். பொதுப் பதவியில் இருப்பவர், பெரும் நிறுவனம், வரம்பைச் சுற்றிப் போகும் அமைப்பு என்றால் பெயரிட்டு எழுதக் காரணம் உண்டு. 1,785 டாலர் பெற்ற ஒரு குடும்பத்தின் பெயரை அச்சிட அப்படி எந்தக் காரணமும் இல்லை.